என் மாமனாரை பிளாக் செய்தது யார்?

என் மாமனாரை பிளாக் செய்தது யார் — என் போனா, நானா?

ஒரு வாரமாக இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் போன்தான் என்கிறார்கள். மாமாவே போன்தான் என்று சொல்லிவிட்டார். சிதம்பரத்தில் இருக்கும் என் நாத்தனார்கூட ஒருவழியாக ஒப்புக்கொண்டுவிட்டார். நான் மட்டும்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வாராவாரம் என்னைப் படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பிப் போய், சரியாகத்தான் பார்த்தோமா என்று மறுபடியும் போகிற ஜாதி நான். அதனால் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

சில நாட்களாகவே என் போன் ஒரு அப்டேட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. 'இப்போது நிறுவவா, பிறகு நிறுவவா?' நானும் விடாமல் 'பிறகு' என்றே அழுத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் அது கேட்பதை நிறுத்திவிட்டு மிரட்ட ஆரம்பித்தது — 'உங்கள் போன் பாதுகாப்பின்றி இருக்கிறது.'

பாதுகாப்பு! அந்த ஒரு சொல் போதும். என் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டிவிடலாம். எங்கள் வீட்டில் பிளக் பாயின்ட்டுகளுக்கெல்லாம் மூடி இருக்கிறது. டேபிள் முனைகளில் ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கிறது. மகள் இனியாவின் தடுப்பூசி எதையும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட்டதில்லை. அப்படிப்பட்டவள் போனை மட்டும் அம்போ என்று விட்டுவிடுவேனா? அடுப்பில் பால். ஒரு கையில் கரண்டி. மறு கையால் 'இப்போதே' என்று அழுத்திவிட்டேன்.

அதன் பிறகுதான் தெரிந்தது, பாதுகாப்பு என்றால் என்னவென்று.

டார்ச் பட்டன் இருந்த இடத்தில் கேமரா வந்துவிட்டது. கட்டிலுக்கடியில் செருப்பு தேடக் குனிந்தால், என் முகத்தையே போட்டோ எடுத்துக் காட்டியது. பத்து நிமிஷம் பேசினால் போன் இஸ்திரிப் பெட்டியாகிவிட்டது. அலாரத்தை என் அனுமதியில்லாமல் மாற்றியிருந்தார்கள். பழைய அலாரம் தீயணைப்பு வண்டி மாதிரி அலறும். புதியது குருவி மாதிரி 'கீச் கீச்' என்று மெதுவாக ஆரம்பித்து, மெதுவாகவே கூடுகிறது. மனசுக்கு இதமாக எழுப்புமாம். நான் அதை ஜன்னலுக்கு வெளியே நிஜமாகவே குருவிகள் என்று நினைத்து, 'அடடா, நம்ம மஞ்சக்குப்பத்தில் மறுபடியும் குருவி வந்துவிட்டதே' என்று சந்தோஷமாகத் திரும்பிப் படுத்தேன்.

ஸ்கூல் வேன் வந்து, நின்று, போய்விட்டது.

"என்னாக்கா, ரெண்டு வாட்டி போன் அடிச்சேன், 'யாரு நீங்க'ன்னு கேக்குறீங்க?" என்று மறுநாள் வேன் டிரைவர் முறைத்தார். அப்போதுதான் அடுத்த கோளாறு தெரிந்தது. போனில் சேவ் செய்திருந்த பெயர்களில் பாதியைக் காணோம். நம்பர் இருக்கிறது, பெயர் இல்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறுபடி சேவ் செய்தேன். குழந்தை டாக்டர், வேன் டிரைவர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், டைலர், வாட்டர் கேன்... மாமா நம்பரை மட்டும் சேவ் செய்யவில்லை. அவர் எங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவர். அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். அவருக்கு எதற்குப் பெயர்?

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

இப்போது மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். கடலூர்–சிதம்பரம் ரூட்டில் ஓடிய காலம்தான் ஜாஸ்தி. பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாரே தவிர, விசிலை விடவில்லை. கண்டக்டர் விசில் உங்களுக்குத் தெரியும். ஒரு விசில் என்றால் நிறுத்து. ரெண்டு விசில் என்றால் போகலாம், ரைட். மாமா அதை அப்படியே போனுக்குக் கொண்டுவந்துவிட்டார். வெளியூர் போனால் வண்டி கிளம்பியதும் ரெண்டு மிஸ்டு கால். போய் இறங்கியதும் ஒரு மிஸ்டு கால். அவ்வளவுதான். பேச்சு கிடையாது.

"மாமா, இப்போ எவ்வளவு பேசினாலும் காசு கிடையாது. தாராளமாப் பேசலாம்" என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"காசுக்கா பண்றேன்? விசில் அடிச்சா டிரைவருக்குப் புரியணும். சீட்டுக்குப் பக்கத்துல போயி கதயா சொல்லுவாங்க?"

வீட்டில் டிரைவர் நான்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு ரிங் கொடுப்பார். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வருவேன். போன வாரம்வரை இந்த ஏற்பாடு பிசகியதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, மாமா இனியாவைச் சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே என் கணவரின் அக்கா இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இனியாவுக்கு நாலு வயது. நான் இல்லாமல் ஊர் தாண்டியதில்லை. அந்த வாரத்துப் பத்தியை எழுதி அனுப்ப வேண்டியிருந்ததால் என்னால் போக முடியவில்லை. கணவருக்கு அன்று டூட்டி.

நான் மாமாவிடம் சொல்லி அனுப்பியவை — ஜன்னலுக்கு வெளியே கை நீட்ட விடாதீர்கள், வீட்டுத் தண்ணீர் மட்டும்தான், ஐஸ் கூடாது, கலர் போட்ட எதுவும் கூடாது, பஸ்ஸில் தூங்கினால் கழுத்து தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது முதலில் நீங்கள் இறங்கி... 

"ஏம்மா பவி, நான் இந்த ரூட்ல எத்தினி கொழந்தைங்கள ஏத்தி எறக்கியிருக்கேன்! சிதம்பரத்துக்குத்தானே கூட்டிகினு போறேன், ராக்கெட்லயா ஏத்தப் போறேன்?"

கிளம்பினார்கள். ரெண்டு ரிங் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, சிதம்பரத்தில் இறங்கி ஒரு ரிங். எனக்கு நிம்மதி. மதியச் சமையல் இல்லாத ஞாயிறு! எழுத உட்கார்ந்தேன்.

அப்போது போன் திரையில் ஒரு சின்ன வரி எட்டிப் பார்த்தது. 'சந்தேகத்துக்குரிய அழைப்புகளிலிருந்து இனி உங்களைப் பாதுகாக்கிறோம்.' கூடவே ஒரு பச்சைக் கேடயம்.

அட, பரவாயில்லையே! டார்ச்சைத் தொலைத்தாலும் இதையாவது ஒழுங்காகச் செய்கிறதே என்று நினைத்தேன். பாராட்டுகிற மாதிரி அந்தக் கேடயத்தை லேசாகத் தட்டக்கூடச் செய்தேன். மறைந்துவிட்டது.

நான் அன்று எழுதிக்கொண்டிருந்த தலைப்பு என்ன தெரியுமா? 'குழந்தைகளைப் பதற்றமில்லாமல் வெளியே அனுப்புவது எப்படி?' சிரிக்காதீர்கள்.

நாலு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. மணி நாலானது. ரெண்டு ரிங் வரவில்லை. அண்ணி டிபன் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியிருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாலரை. வரவில்லை. உடனே போன் செய்தால், 'இவளுக்கு எங்கள்மேல் நம்பிக்கை இல்லை' என்று அண்ணி நினைப்பாரோ? செய்யாவிட்டால், 'இவளுக்குக் குழந்தைமேல் அக்கறை இல்லை' என்று நினைப்பாரோ? இந்த ரெண்டுக்கும் நடுவில் நான் ஒரு டம்ளர் டீ குடித்து முடித்தேன். பதற்றமில்லாமல் இருப்பது பற்றி ரெண்டு பாராவும் எழுதினேன்.

ஐந்து மணிக்கு மாமாவுக்கு அடித்தேன். முழு ரிங் போனது. எடுக்கவில்லை. அதில் ஆச்சரியமில்லை — ஓடுகிற பஸ்ஸில் மாமா போன் எடுக்க மாட்டார். அது அவருடைய சட்டம். ஆனால் ஓடுகிற பஸ்ஸில் இருக்கிறார் என்றால், ரெண்டு ரிங் எங்கே?

மனசு ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவே ஓட ஆரம்பித்துவிட்டது. ரோட்டில் எந்தெந்த வளைவு மோசம் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தது. இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, அண்ணிக்குப் போன் செய்தேன்.

"என்னா பவி, இப்பக் கேக்குற? அவுங்க நாலு மணிக்கே கெளம்பிட்டாங்களே. இந்நேரம் கடலூர்ல எறங்கியிருப்பாங்க."

"ரிங் வரலையே அண்ணி..."

"அப்பா அடிச்சாரே! பஸ் ஏத்திவுடப் போனப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். ரெண்டு வாட்டியும் பிஸின்னு வந்துச்சு. 'யார்கிட்டயோ பேசிகினு இருக்குது போல'ன்னாரு."

"நான் யார்கிட்டயும் பேசலையே..."

அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க எதிர் வீட்டுலயும் இப்புடித்தான் பவி. மருமக, மாமனார பிளாக் பண்ணி வெச்சிருந்தா. அடிச்சா பிஸின்னுதான் வரும். ரொம்ப நாளு அந்த மனுஷனுக்குத் தெரியவே இல்ல, பாவம்" என்றார்.

'ஐயோ, நான் அப்படியெல்லாம் செய்வேனா' என்றேன். அண்ணியும் 'ச்சே, நான் உன்னச் சொல்வேனா' என்றார். ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையாகப் போனை வைத்தோம்.

உடனே மாமாவுக்கு மறுபடி அடித்தேன். போன் திணறியது. திரை கறுத்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. 'அப்டேட்டை நிறைவு செய்கிறோம். சற்றுக் காத்திருங்கள்.'

இப்போதா! வாரம் பூராவும் நிறைவு செய்யாததை இப்போதுதான் நிறைவு செய்ய வேண்டுமா!

போனை ஸ்கூட்டியின் முன்பக்கப் பெட்டியில் போட்டேன். வட்டம் அங்கேயும் சுற்றிக்கொண்டே வந்தது. மஞ்சக்குப்பத்திலிருந்து கெடிலம் பாலம் தாண்டி, திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் பத்து நிமிஷம்கூட இல்லை. அன்று எல்லாச் சிக்னலும் சிவப்பு. பாலத்தில் ஒரு கல்யாண ஊர்வலக் கார் நத்தை மாதிரி போனது. எனக்கு ஒரே ஒரு நினைப்புதான். மாமா ஒரு விசில் கொடுத்திருப்பார். ஒரு விசில் என்றால் நிறுத்தம். வண்டி வரும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். ஆட்டோ பிடிக்க மாட்டார். குழந்தையோடு நின்றுகொண்டே இருப்பார்... அவர் அடிக்கிற ஒவ்வொரு தடவையும், 'பிஸி' என்று வந்துகொண்டிருக்கும்.

சிதம்பரம் பஸ்கள் வந்து நிற்கும் இடத்துக்கு ஓடினேன். அங்கேதான் இருந்தார்கள்.

இனியா ஒரு சிமெண்ட் பெஞ்சில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஐஸ். கலர் போட்ட ஐஸ். வாய், கன்னம், சட்டை எல்லாம் ரோஸ். பக்கத்தில் மாமா போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"அம்மா! தாத்தா விசில் அடிச்சிகிட்டே இருந்தாங்க. நீ பிஸியாம். பிஸின்னா என்னாம்மா?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்க்காமல் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"வாங்கம்மா. வேலையா இருந்திருப்பீங்க. பரவால்ல."

வாங்கம்மா! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமா என்னை 'வா, போ, பவி' என்றுதான் சொல்லியிருக்கிறார். அவர் கோபப்பட்டால்கூட எனக்குத் தாங்கும். பாசஞ்சரிடம் பேசுகிற மாதிரி மரியாதை கொடுத்தால் நான் என்ன ஆவேன்?

"மாமா, சத்தியமா எனக்கு ஒரு ரிங்கும் வரலை. நீங்க இப்போ அடிங்க. என் கண்ணு முன்னாடியே அடிங்க."

"எதுக்கும்மா... வூட்டுக்குப் போவலாம்."

"அடிங்க மாமா!"

நல்லவேளை, அதற்குள் வட்டம் சுற்றி முடித்திருந்தது. மாமா அடித்தார். என் கையில் இருந்த போன் மூச்சுக்கூட விடவில்லை. சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. திரையின் மேல் ஓரத்தில் மட்டும் சிவப்பாக ஒரு பட்டை வந்து நின்றது. கீழே அவருடைய நம்பர்.

மாமா எட்டிப் பார்த்தார். "என்னாம்மா செவப்பா எழுதியிருக்கு? கண்ணாடி இல்ல. படி."

படித்தேன். வேறு வழி? "மோசடி நபர் என்று சந்தேகம். தடுக்கப்பட்டது."

பெற்ற பிள்ளையைப் போல என்னைப் பார்த்துக்கொள்கிற மாமனாரிடம், நட்டநடு பஸ் ஸ்டாண்டில், 'நீங்கள் மோசடி நபர்' என்று சத்தமாகப் படித்துக்காட்டிய மருமகள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மாமா அந்தச் சிவப்புப் பட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என் சர்வீஸ்ல எத்தினி செக்கிங் ஏறியிருக்கானுங்க தெரியுமா? பையத் தலகீழா கொட்டிப் பாத்திருக்கானுங்க. ஒருத்தன் என்னய இப்புடிச் சொன்னதில்ல. உன் போனு பட்டுனு சொல்லிடுச்சே பவி!"

பவி! அந்த ஒரு 'பவி'யில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா சிரித்தார். அவர் சிரித்ததும் நானும் சிரித்தேன். என்ன விஷயம் என்று தெரியாமல் இனியாவும் சிரித்து, மீதி ஐஸைச் சட்டையில் ஊற்றிக்கொண்டாள்.

அங்கேயே நின்று, மாமா தன் சட்டத்தை மீறி அண்ணிக்கு முழு ரிங் விட்டுப் பேசினார். "ஏ, பவி ஒண்ணும் பிளாக் பண்ணல. அந்தப் போனுதான், நான் ஒத்த ரிங்கு வுட்டு வுட்டு வெக்கிறனே, அதப் பாத்து ஏதோ திருட்டுப் பயன்னு நெனச்சிகிச்சு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அண்ணி பதில் எனக்கும் கேட்டது. "அப்ப ரொம்ப அறிவாளி போனுதான்ப்பா. இதக் கண்டுபுடிக்க எங்கம்மாவுக்கு எத்தினி வருஷமாச்சு!"

எல்லாம் சுபம். கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ராத்திரி டூட்டி முடிந்து வந்த என் கணவர், விஷயத்தைக் கேட்டுச் சிரித்து முடித்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரே ரிங்குல கட் ஆவுற போன் எல்லாம் ஏமாத்து வேலன்னு, தெரியாத நம்பரா இருந்தா அது தடுக்கும். சேவ் பண்ண நம்பரத் தடுக்காதே. ஆமா, இதத் தடுக்கவான்னு மொதல்ல உன்னக் கேட்டிருக்குமே?"

கேட்டிருக்குமா?

கேட்டிருக்கும். அப்டேட் முடிந்ததும் வரிசையாக ஏதேதோ கேட்டது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. 'பாதுகாப்பு' என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் நான் 'சரி, சரி, சரி' என்று தட்டிக்கொண்டே போனேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பச்சைக் கேடயத்தை வேறு தட்டிக்கொடுத்தேன். அது வெறும் பாராட்டா, இல்லை கையெழுத்தா?

அதோடு, கேஸ் சிலிண்டர்காரருக்குப் பெயர் போட்டவள், வீட்டிலிருப்பவருக்குப் போடவில்லை. மாமாவைத் தெரியாத ஆளாக்கியது யார்? போன் பெயரை அழித்தது உண்மைதான். திரும்ப எழுதாமல் விட்டது யார்? இனியாவுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று கதவு கதவாகப் பூட்டிக்கொண்டே வந்ததில், அவளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவரையே வெளியில் நிறுத்திவிட்டேனோ?

'நான்தான் சரி என்று அழுத்தியிருப்பேன் போலிருக்கிறது மாமா' என்று மறுநாள் அவரிடமே சொல்லிப் பார்த்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "டிக்கெட் கிழிச்சாச்சு. அடுத்த ஸ்டாப்பப் பாரு" என்றார்.

அவர் நம்பரை இப்போது சேவ் செய்துவிட்டேன். வெறுமனே 'மாமா' என்று இல்லை. 'மாமா – ரைட்' என்று. முழு ரிங் விடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். அதற்கு மட்டும் மாட்டாராம்.

அடுத்த ஸ்டாப் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இன்று காலை குருவி அலாரம் கேட்டு எழுந்து பார்த்தால், என் போனில் இன்னொரு அப்டேட். 'முந்தைய அப்டேட்டால் அழைப்புகளில் ஏற்பட்ட சில பிரச்சினைகள் சரிசெய்யப்பட்டுள்ளன. இப்போது நிறுவவா, பிறகு நிறுவவா?' காபி கொடுக்கப் போனால், மாமாவும் தன் போனை நீட்டுகிறார். "இதுலயும் என்னமோ பாதுகாப்புன்னு வந்திருக்கு பவி. போட்டுக் குடு."

போட்டுக்கொடுக்கவா? போட்டு, அவர் போன் நாளைக்கு என்னையே மோசடி என்று சொல்லிவிட்டால்? போடாமல் விட்டு, நிஜ மோசடிக்காரன் எவனாவது அவரைப் பிடித்துக்கொண்டால்? என் போனுக்கு மருந்து போடுவதா, இருக்கிற வியாதியே போதும் என்று விடுவதா?

விவரம் தெரிந்தவர்கள் யோசனை சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும். எழுதினாலும் சரி, பேசினாலும் சரி. தயவுசெய்து ஒரு ரிங் விட்டு மட்டும் வைத்துவிடாதீர்கள்!